என் சலப்பையை அளந்த கதை

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாட்கள் அளந்து எழுதவேண்டிய ஒரு கொப்பியை, கிளினிக் வாசலில் நின்ற வேப்பமரத்தின் கீழ் இருந்து பதினைந்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். எல்லாம் என் சொந்தக் கற்பனை. எழுதிய பிறகு ஒருமுறை வாசித்துப் பார்த்து, அதன் அழகில் நானே சொக்கிப்போனேன்.

அந்தக் கொப்பியில் எழுதக் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. எத்தனை மணிக்கு என்ன குடித்தேன், எவ்வளவு குடித்தேன். எத்தனை மணிக்குச் சலம், அதாவது சிறுநீர், போனேன், எவ்வளவு போனேன். அவதிப்பட்டு ஓடினேனா, ஓடும் வழியில் நனைந்தேனா. இவ்வளவுதான். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் இருபத்தேழு வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கியதே நீரை அளப்பதற்காகத்தான். வலிகாமத்துக் கிணறுகளுக்குள் நாடாவை இறக்கி, நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவது என் தொழில். மழை நாட்களில் சைக்கிள் மிதிக்கப் பஞ்சியாக இருந்தால், போன மாதத்து அளவைப் பார்த்து, இந்த மாதம் இவ்வளவு ஏறியிருக்கும் என்று கோப்பாயில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் இருந்தே நிரப்பிய பக்கங்களும் உண்டு. கிணறு எழும்பி வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. அந்தத் துணிவில்தான் சலப்பைக்கும் எழுதினேன்.

என்னைப் பிடித்த நோயை, அந்த வருத்தத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு காலை வலது கண்ணில் புகை படிந்தது போல இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கை கொண்டுபோனேன். நான் கண்ணாடியே போட்டிருக்கவில்லை. அடுத்த வருடம் இடது கால் மரத்தது. ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு, மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என்றார்கள். நரம்புகளைச் சுற்றியிருக்கும் மேலுறையை உடம்பே அரித்துவிடுகிற வருத்தம். மூளை அனுப்பும் செய்தி போகிற வழியில் சிதறிப்போகும். மனைவிக்கு நான் சுருக்கமாக விளங்கப்படுத்தினேன்.

"எலி கடிச்ச வயர் மாதிரி."

"எலிக்கு வேற இடம் கிடைக்கேல்லைப் போலை" என்றாள்.

காலுக்கு ஒரு ஊன்றுபொல்லுத் துணை வந்தது. கண்பார்வை முக்கால்வாசி திரும்பியது. ஒரு வருடம் கழித்துக் கெட்ட சலப்பைதான் சொல்வழி கேட்கவில்லை. வரப்போகிறது என்று அது சொல்வதற்கும் வந்துவிடுவதற்கும் இடையில் முற்றத்தைக் கடக்கிற நேரமும் தராது. விழுந்தடித்து ஓடிப்போய் நின்றால் நாலு சொட்டு. திரும்பிவந்து கதிரையில் இருந்தால் மறுபடியும் கூப்பிடும். நானும் என் அறிவைப் பாவித்தேன். குடித்தால்தானே வரும்? குடிப்பதைக் குறைத்தேன். ஆனால் எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி குடிக்காமல் எழும்ப விடமாட்டார்கள். ஆகவே வீடுகளுக்குப் போவதையும் குறைத்தேன். போயே ஆகவேண்டிய வீடுகளில் குரோட்டன் சாடிக்குப் பக்கத்துக் கதிரையாகப் பார்த்து இருந்தேன். ஒரு வீட்டில், நான் கோப்பையைக் கவிழ்த்துவந்த சாடிச் செடி பட்டுப்போனது. அந்த வீட்டுக்காரி சீனி கொஞ்சம் கூடப் போடுகிறவள்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். அதற்குள் மகளுக்குக் கலியாணம் பொருந்திவிட்டது. நல்ல பெடியன், நல்ல சனம். எல்லாம் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோது, முகூர்த்தம் பேச வந்த ஐயர் ஒரு வார்த்தை சொன்னார்.

"பொம்பிளையின்ரை தகப்பன் கையிலை தர்ப்பை ஏறினா, தாரை வார்த்து முடியுமட்டும் எழும்பக்கூடாது. ஒரு ரெண்டேகால் மணித்தியாலம் எண்டு வையுங்கோ."

"ஐயா, மந்திரத்தைக் கொஞ்சம் கெதியாய்ச் சொல்லேலாதோ?"

"பஸ்ஸோ ஓட்டுறன்?" என்றார் ஐயர்.

என் சலப்பையின் உச்சச் சாதனை அப்போது நாற்பது நிமிடம். அதுவும் ஒன்றும் குடிக்காமல், அசையாமல், ஒருவரும் தண்ணீர்க் குழாயைத் திறக்காமல் இருந்தால். தாரை வார்ப்பதென்றால், மகளின் கையை நான் மாப்பிள்ளையின் கையில் கொடுக்க, மேலிருந்து மனைவி செம்பால் தண்ணீர் ஊற்றவேண்டும். ரெண்டு மணித்தியாலம் அடக்கி வைத்திருக்கிறவனின் கையில், சளசளவென்று, தண்ணீர். இந்தச் சடங்கைக் கண்டுபிடித்தவருக்கு என்னுடன் ஏதோ பழைய கோபம் இருந்திருக்கவேண்டும்.

சேதி லண்டனில் இருக்கும் அண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே ரெலிபோன் வந்தது.

"தம்பி, நீ யோசியாதை. உனக்கு ஏலாட்டி நான் இருந்து தாரை வாக்கிறன். பெரியப்பன் செய்யலாம், முறை இருக்கு. நான் பட்டுவேட்டி எடுத்திட்டன்."

அண்ணை தங்கமான மனிதர். மகளுக்கும் அவர் என்றால் உயிர். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த வருத்தத்துக்கு நான் எத்தனையோ விட்டுக்கொடுத்துவிட்டேன். சைக்கிளை விட்டேன், கிணற்றுக்கட்டில் நின்று குளிப்பதை விட்டேன், தேர்த்திருவிழாச் சனத்துக்குள் போவதை விட்டேன். மகளின் கையை மட்டும் இன்னொருவர் பிடித்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு முன்வரிசையில் இருக்க என்னால் முடியாது. அதனால்தான், ஒன்பது வருடமாக டொக்டரிடம் மறைத்துவந்த சலப்பைக் கதையை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் அவர்கள் கையில் தந்தது அந்தக் கொப்பி. அதைத்தான் நான் வேப்பமரத்தின் கீழ் நிரப்பினேன்.

கொப்பியை வாங்கிப் பார்த்தவர் ஒரு மூத்த தாதி. கிளினிக்கில் எல்லாரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக்கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டினார்.

"ஐயா, முதல் நாள் குடிச்சது ஒண்டேகால் லீற்றர்."

"ஓம் மிஸ்ஸி."

"போனது ரெண்டேமுக்கால் லீற்றர்."

நான் வாசல் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"மிச்சம் எங்கையிருந்து வந்தது? உங்கடை வயித்துக்குள்ளை வத்தாத கீரிமலைக் கேணி கிடக்கோ?"

பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததில் நாலு சொட்டுப் போய்விட்டது. அதைக் கொப்பியில் சேர்க்கவேண்டுமா என்று கேட்டேன். அவர் புதுக் கொப்பி ஒன்றை என் முன்னால் போட்டார்.

"இதை எழுதுறது எங்களுக்கு இல்லை, உங்களுக்கு. மூண்டு நாள். அளந்து."

வீட்டுக்கு வந்து அளவுச் சாடி தேடினேன். குசினியில் ஒரு லீற்றர்ச் சாடி ஒன்று இருந்தது. அதை நான் தொட்டதும் மனைவி குறுக்கே வந்து நின்றாள். "உது பாயாசத்துக்குப் பால் அளக்கிற சாடி. உதிலை கை வைச்சியளோ, கலியாணத்துக்கு முதல் செத்தவீடு நடக்கும்." கடையில் ஒரு பிளாஸ்ரிக் சாடி வாங்கித் தந்தாள். அதன் கோடுகளை நான் நம்பவில்லை. இருமல் மருந்து மூடியால் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சரிபார்த்து, பேனையால் புதுக்கோடு போட்டேன். கிணறுகளுக்குக் கூட இந்த மரியாதையை நான் செய்ததில்லை.

இந்தமுறை எழுதும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். என்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு. நான் உள்ளே, அவள் குசினி வாசலில், கையில் கொப்பி.

"எவ்வளவப்பா?"

"நூற்றிப்பத்து!"

அரை மணித்தியாலம் கழித்து, "இப்ப எவ்வளவு?"

"எழுபது!"

வேலிக்கு அப்பால் இருக்கும் வாத்தியார் மூன்றாம் நாள் பொறுக்கமுடியாமல் கேட்டார். "என்ன, பிரஷர் பாக்கிறியளோ? நூற்றிப்பத்துக்கு எழுபது நல்லதுதானே. எனக்கு நூற்றிஐம்பது காட்டுது." அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாளில் முதல்தடவையாக என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்.

மூன்று நாள் முடிந்து கூட்டிப் பார்த்தபோது, சிரிப்பு நின்றது. நாளுக்குப் பதினாறு தரம் போயிருக்கிறேன். அநேகம் முப்பது நாற்பதுதான்; ஒருமுறையும் நூற்றிமுப்பதைத் தாண்டவில்லை. குடித்தது நாள் முழுக்க அறுநூறு மில்லிலீற்றர். மனைவி அந்த அறுநூறைப் பேனையால் ரெண்டு தரம் சுற்றி வட்டம் போட்டாள். "எங்கடை கத்தரிக் கண்டுக்கு நான் இதைவிடக் கூட ஊத்திறனான்" என்றாள். குரலில் பகிடி இல்லை.

சோதனைக்கு முட்டிய சலத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிப் படலையைக் கண்டதும் என் கால் தன்பாட்டில் கக்கூஸ் பக்கம் போய்விட்டது. எங்கே போய் இறங்கினாலும் முதலில் அதைத் தேடிப் போவது ஒன்பது வருடப் பழக்கம். வெளியே வந்து மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் செய்த வேலை விளங்கியது. அவர் ஒரு போத்தல் தண்ணீரைக் கையில் தந்து வாங்கைக் காட்டினார். ஒன்றரை மணித்தியாலம் இருந்து குடித்தேன். இத்தனை வருடத்தில் ஒருவர் என்னை இருத்தி வைத்துக் குடிக்கப் பண்ணியது அதுதான் முதல்தடவை.

நடுவில் ஓட்டை வைத்த ஒரு கதிரை. அதன் கீழே ஒரு புனல். புனலுக்குக் கீழே ஒரு இயந்திரம். போகிற சலத்தின் வேகத்தை அது கோடாகக் கீறும். "ஆறுதலாய்ப் போங்கோ, நான் வெளியிலை நிக்கிறன்" என்று கதவைச் சாத்தினார் மிஸ்ஸி. வீட்டில் நிற்கச் சொன்னாலும் நிற்காதது, அங்கே வரச் சொன்னால் வரவில்லை. பிறகு விட்டுவிட்டு, விட்டுவிட்டு வந்தது. கடதாசியில் பார்த்தேன். வருத்தமில்லாத மனிதருக்குக் கோடு ஒரு மணற்குன்று போல ஏறி இறங்கவேண்டுமாம். என்னுடையது பல்லுப்போன சீப்புப் போல இருந்தது.

"முழுக்கப் போட்டுதோ ஐயா?"

"ஒரு சொட்டு இல்லை மிஸ்ஸி. வத்தின கிணறு."

அவர் அடிவயிற்றில் குளிர்ந்த களிம்பைப் பூசி, சின்ன ஸ்கான் கருவி ஒன்றை வைத்து அமத்தினார். திரையை என் பக்கம் திருப்பினார். உள்ளே இருநூற்றிப்பத்து மில்லிலீற்றர் கிடந்தது.

நான் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். இருபத்தேழு வருடம் ஊர்க் கிணறுகளின் அடிமட்டம் பார்த்தவன். எனக்குள்ளேயே ஒரு கிளாஸ் தண்ணீர் கிடப்பது எனக்குத் தெரியாது. வெறுமையானது என்று நினைத்து எழும்பிய ஒவ்வொரு தடவையும் அரைவாசிக்கு மேல் விட்டுவிட்டு எழும்பியிருக்கிறேன். பிறகு ஏன் அரை மணித்தியாலத்தில் திரும்பவும் கூப்பிடாது?

அடுத்த கிழமை பெரிய சோதனை. முதலில் சலத்தை வாங்கி, கிருமி இல்லை என்று பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெல்லிய குழாய் ஒன்று சலப்பைக்குள். இன்னொன்று பின்வாசலால். எதற்கு இரண்டு என்றால், சலப்பை தானாக அமத்துகிறதா, அல்லது வயிறு அமத்துகிறதா என்று பிரித்துப் பார்க்கவாம். செய்தவர் ஒரு பெண் டொக்டர். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கூரையில் எத்தனை ஓடு என்று எண்ணத் தொடங்கினேன். அது ஓடில்லை, தட்டையான சீலிங். ஆனாலும் எண்ணினேன்.

உப்புத் தண்ணீரை மெல்ல மெல்லச் சலப்பைக்குள் விட்டார்கள். முதலில் எப்போது தெரிகிறது, எப்போது முட்டுகிறது, எப்போது தாங்கமுடியாது என்று நான் சொல்லவேண்டும். நடுவில் இருமச் சொன்னார்கள். இருமினேன். வெட்கம் வந்தால் என் வாய் நிற்காது. "டொக்டர், இவ்வளவு தண்ணியை விட்டா ரெண்டு போகம் நெல்லு விதைக்கலாம்" என்றேன். டொக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"ஐயா, பகிடி விடாதேங்கோ. கிராஃப் துள்ளுது."

உண்மைதான். திரையில் என் பகிடி ஒரு பெரிய மலையாக எழும்பி நின்றது. அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இருநூற்றைம்பது தாண்டியதும், நான் சிரிக்காமலேயே, இருமாமலேயே, சலப்பைக் கோடு மட்டும் தனியாக எழும்பியது. அந்தக் கணம் எனக்குள் அந்தப் பழைய அவதி பாய்ந்தது. ஒன்பது வருடம் என்னை ஓடவைத்த கள்ளனை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

உடுப்பை மாற்றிக்கொண்டு வந்ததும் டொக்டர் இருத்திச் சொன்னார்.

"சலப்பை நிரம்ப முதலே அமத்தத் தொடங்குது ஐயா. அமத்தேக்கை வாசல் திறக்கோணும். உங்களுக்கு அந்த நேரம் பாத்து வாசல் இறுக்குது. அதாலைதான் கொஞ்சம் போகுது, மிச்சம் தங்குது. தங்கினதிலை கிருமி பிடிக்கும். உள்ளுக்கை அமத்தம் கூடினா கிட்னிக்கும் கூடாது. உதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும்."

"கிட்னி பழுதோ?"

"இல்லை. நல்ல காலத்துக்கு வந்திட்டியள்."

"டொக்டர், எனக்கு ரெண்டேகால் மணித்தியாலம் வேணும்."

"எதுக்கு?"

சொன்னேன். தர்ப்பை, தாரை, செம்பு, அண்ணையின் பட்டுவேட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"கலியாணம் எப்ப?"

"ஆறு கிழமை இருக்கு."

"குளிசை தாறன், அமத்தத்தைக் குறைக்கும். மிச்சத்தை வெளியிலை எடுக்க நீங்களே ரியூப் போடப் பழகோணும். நாளைக்கு நாலு தரம்."

"சலம் வடியிற பை கொழுவிக்கொண்டு திரியோணுமோ?" ஒன்பது வருடம் நான் வாய்திறக்காததற்குக் காரணம் இந்த ஒரு கேள்விதான்.

"இல்லை ஐயா. போடுறது, வடியவிடுறது, எடுத்து எறியிறது. மணவறையிலை இருக்க முதல் வடிவாய் வெறுமையாக்கினா, காணும் எண்டுதான் நினைக்கிறன். சத்தியம் பண்ணமாட்டன். தண்ணி மட்டும் குறைக்கக்கூடாது."

ரியூப் போடப் பழக்கியதும் மிஸ்ஸிதான். கையைக் கழுவிய விதம் சரியில்லை என்று மூன்று தரம் திருப்பி அனுப்பினார். நாலாம் தரம் ரியூபைக் கையில் தந்தார். "மூச்சை விடுங்கோ. தள்ளாதேங்கோ. அது வழி தெரிஞ்சு போகும்" என்றார். நோகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நோகவில்லை, ஒரு கூச்சம் மட்டும். திடீரென்று சாடிக்குள் சத்தம் கேட்டது. இருநூற்றி இருபது.

அன்று பின்னேரம் வீட்டு விறாந்தையில் வந்து இருந்தேன். ஒரு மணித்தியாலம் போனது. உள்ளேயிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. ஒன்றரை மணித்தியாலம் போனது. உடம்புக்குள் அவ்வளவு அமைதி. என்ன செய்வதென்று தெரியாமல் பொல்லை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போய், முழுக் கோப்பைத் தேத்தண்ணி குடித்தேன். இரண்டாவது கோப்பையும் கேட்டேன். வாத்தியாரின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு கிழமையில் நாற்பது நிமிடம் ஒன்றரை மணித்தியாலமானது, பிறகு இரண்டானது. மனைவி மணிக்கூட்டைப் பார்த்து எழுதினாள். இரண்டேகாலை மட்டும் ஒருநாளும் தொடவில்லை. கலியாணத்துக்கு நாலு நாள் முந்தி அண்ணை வந்து இறங்கினார். அன்று இரவுச் சாப்பாட்டில் மகள் சொன்னாள். "அப்பா, ஏலாட்டி விடுங்கோ. பெரியப்பா இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை." ஆறுதலுக்குத்தான் சொன்னாள். நான் இன்னொரு கிளாஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன்.

கலியாணத்தன்று மண்டபத்தின் பின்னறையில், மேளம் ஒரு பக்கம் முழங்க, கையை மூன்று தரம் கழுவினேன். இந்த வேலைக்கு வேட்டியைப் போலச் சுகமான உடுப்பு உலகத்தில் இல்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் வடியவிட்டு, வந்து மணவறையில் இருந்தேன். ஐயர் என் விரலில் தர்ப்பையைப் போட்டார். முன்வரிசையில் அண்ணை, பட்டுவேட்டியும் இடுப்பில் இறுக்கிக் கட்டிய சால்வையுமாக, பன்னிரண்டாம் ஆட்டக்காரனைப் போல என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஒரு மணித்தியாலம் சுகம். ஒன்றரையில் சின்னதாக ஒரு தட்டல். கவனிக்காதவன் போல இருந்தேன். பூட்டனின் பெயர், பாட்டனின் பெயர், தகப்பனின் பெயர் என்று மூன்று தலைமுறையை மூன்று தரம் சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் தரம் சொல்லும்போது உள்ளே கோடு எழும்பத் தொடங்குவது எனக்குத் தெரிந்தது. திரை இல்லாமலே தெரிந்தது. காற்பெருவிரலை மடித்து, மூச்சை நீளமாக விட்டேன். கோடு கொஞ்சம் நின்று, மெல்ல இறங்கியது.

பிறகு மகளின் கையை என் கையில் தந்தார்கள். குளிர்ந்து இருந்தது. மனைவி செம்பைத் தூக்கினாள்.

"இஞ்சேரும், சத்தம் போடாமல் ஊத்தும்" என்றேன் அடித்தொண்டையில்.

அவள் செம்பின் வாயை என் விரலோடு ஒட்டிப் பிடித்து, எண்ணெய் விடுவது போல ஊற்றினாள். ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் என் கையால் மகளின் கைக்கும், அவளின் கையால் மாப்பிள்ளையின் கைக்கும் போனது. நான் இருந்த இடத்தில் இருந்தேன். ஐயர் தர்ப்பையைக் கழற்றச் சொன்னபோது மனைவி மண்டபத்து மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும்.

பின்னறைக்குப் போய்வந்து, வேட்டியைச் சரிசெய்து, படம் எடுக்க மணவறையில் ஏறினேன். இந்த நாட்டின் நரம்பு நோயாளர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் வென்றவனைப் போல மகளின் காதுக்குள் குனிந்தேன்.

"பிள்ளை, அப்பா முழு நேரமும் ஒருக்கால்கூட எழும்பாமல் இருந்ததைப் பாத்தனியே?"

"இல்லை அப்பா, நான் அவரைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."